கோயில் ஊர்களுக்குப் போகிறீர்களா? போனிலேயே நல்ல படம் எடுக்கும் வழி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்வந்தவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். வெளிறிய வானம், கருவறைக்கு மேல் கருத்துப்போய் நிற்கும் விமானம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்கும் குடும்பம். போன் நல்ல போனாகத்தான் இருக்கும், எடுத்தவருக்கும் ஆர்வம் இருந்திருக்கும். ஆனால் போன நேரமும் நின்ற இடமும் சரியாக அமையவில்லை.

கோயில்களைத் திசை பார்த்துத்தான் கட்டினார்கள். நாமும் திசை பார்த்துப் போனால் பாதி வேலை முடிந்துவிடும். புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் விலை உயர்ந்த கேமரா வாங்குவதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், மாமல்லபுரம் ஆகிய நான்கு ஊர்களை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நான்கிலும் வெளியே நின்று படம் எடுக்க நிறைய இடம் இருக்கிறது, கல்லும் வெளிச்சமும் நன்றாகப் பேசிக்கொள்ளும் இடங்கள் இவை.

1. கிளம்பும் முன்பே சூரியன் எங்கே இருக்கும் என்று பாருங்கள்

பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும் அப்படித்தான். அப்படியென்றால் காலை வெயில் வாசலின் முகத்தில் விழும். தஞ்சாவூரில் கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டையும் எடுக்க வேண்டுமானால் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் கல் தேன் நிறத்தில் இருக்கும், கூட்டமும் குறைவு.

மாலையில் அதே வாசலில் நின்றால் கதையே வேறு. சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், விமானம் கருநிழலாகத்தான் பதிவாகும். மாலையில் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் முன்பக்கத்தில் நிற்காமல் நேராகப் பிராகாரத்தின் மேற்குப் பக்கத்துக்கு நடந்துவிடுங்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் வெயில் முழுதும் விமானத்தின் மேல் இருக்கும். சூரியன் இறங்க இறங்க, கீழ்த் தளங்கள் நிழலில் போய் உச்சி மட்டும் கடைசிவரை ஒளியோடு நிற்கும். அந்தக் கடைசிப் பத்து நிமிடம் போனைப் பையில் வைக்காதீர்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் இதே கணக்குதான். பார்வையாளர்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வருகிறோம். காலையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் கோயில் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்கும். வடிவத்தை மட்டும் கருநிழலாக எடுக்க ஆசைப்பட்டால் காலையில் போங்கள். கடல் காற்று அரித்த கல்லின் மேற்பரப்பு தெரிய வேண்டுமானால் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் போங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நம் ஊர் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருடத்தில் இரண்டு முறை சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். தஞ்சாவூருக்கு அது ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 25 வாக்கிலும் நடக்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து விழும்.

படம் எடுக்கிறவருக்கு இதனால் என்ன பயன்? சிவன் கோயில்களில் பொதுவாகத் தெற்குச் சுவரின் கோஷ்டத்தில், அதாவது சிலை வைக்கும் மாடத்தில், தட்சிணாமூர்த்தி இருப்பார், வடக்குச் சுவரில் துர்க்கை இருப்பாள். மார்கழி, தை மாதங்களில் போனால் தெற்குச் சுவரில் நாள் முழுதும் வெயில் இருக்கும், வடக்குச் சுவர் நிழலில் இருக்கும். ஆனி மாதம் போனால் தலைகீழ். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் தன் பக்தர் சண்டேசரின் தலையில் பூமாலை சுற்றும் அந்தப் புகழ்பெற்ற சிற்பம் வடக்குப் பக்கத்துப் படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. மார்கழியில் அது நேர் வெயில் படாமல் மென்மையான வெளிச்சத்தில் இருக்கும். சண்டேசரின் குனிந்த முகம், சிவனின் கை, பக்கத்தில் பார்வதி எல்லாம் கடுமையான நிழல் இல்லாமல் தெளிவாகப் பதிவாகும். ஆனியில் காலையில் போனால் வெயில் பக்கவாட்டில் அடித்து அதே சிற்பம் இன்னும் ஆழமாகத் தெரியும். இரண்டுமே நல்ல படம்தான். எந்த மாதம் எது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

போனிலேயே திசைகாட்டி இருக்கிறது. போகிற தேதியில் சூரியன் எப்போது எழும், எப்போது மறையும் என்பதை வானிலைச் செயலியே சொல்லும். முதல் நாள் இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. போனைத் தயார் செய்யுங்கள்

இது சின்ன வேலை. லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். கோயிலுக்குள் போய்விட்டு வந்த விரலில் திருநீறோ எண்ணெயோ இருக்கும், அது லென்ஸில் பட்டால் படம் முழுதும் புகைபோலப் படரும். படம் மங்கலாக வருகிறதென்று போனைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் துடைப்பே போதும்.

கேமரா அமைப்புகளில் கட்டக் கோடுகளை இயக்கிக்கொள்ளுங்கள். கோபுரம் சாயாமல் நிற்கவும் கடல் ஒரு பக்கமாக வழியாமல் இருக்கவும் அந்தக் கோடுகள் உதவும். படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். பெரும்பாலான போன்களில் சென்சாரின் வடிவமே அதுதான். 16:9 வைத்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத்தான் படம் கிடைக்கும், உயரமான கோயிலை எடுக்கும்போது அது நட்டம்.

ஏசி காரிலோ ஏசி பேருந்திலோ வந்தால், இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும். கடலோர ஊர்களில் இது அதிகம். அவசரப்பட்டுத் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், திரும்பத் திரும்பப் படியும். இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றுப் படவிட்டால் போதும்.

3. வெளிச்சத்தை நீங்களே கூட்டிக் குறையுங்கள்

போன் ஒரு சராசரி கணக்குப் போட்டுத்தான் வெளிச்சத்தை முடிவு செய்கிறது. பிரகாசமான வானமும் நிழலில் இருக்கும் கல்லும் ஒரே படத்தில் வந்தால் அது திணறும். ஒன்று வானம் வெளுக்கும், இல்லையென்றால் கல் கருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். திரையில் உங்களுக்கு முக்கியமான இடத்தை விரலால் தொடுங்கள். பக்கத்தில் சூரியன் போன்ற ஓர் அடையாளமோ ஒரு கோடோ வரும். விரலால் கீழே இழுத்தால் படம் இருளும், மேலே இழுத்தால் வெளுக்கும். கோயிலை எடுக்கும்போது பெரும்பாலும் கொஞ்சம் கீழே இழுப்பதுதான் நல்லது. இருண்ட பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், முழுதும் வெளுத்துப்போன வானத்தை எந்தச் செயலியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரே இடத்தில் நின்று பல படம் எடுக்கப் போகிறீர்களென்றால், தொட்ட விரலை எடுக்காமல் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே ஜன்னலோரம் ஒரு சொம்பை வைத்து இதைப் பழகிக்கொண்டு கிளம்புங்கள். கோயிலில் கூட்டத்துக்கு நடுவில் நின்று பொத்தானைத் தேடுவது கடினம்.

4. பின்னால் நடங்கள்

உயரமான விமானத்தைப் பார்த்ததும் பலரும் கிட்டப் போய், 0.5 என்ற அகலக் கோணத்தைப் போட்டு, போனை அண்ணாந்து பிடிக்கிறார்கள். அப்படி எடுத்தால் கோயில் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும், உச்சி சுருங்கிப்போகும். பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அந்த உயரம் படத்தில் காணாமல் போனால் எடுத்து என்ன பயன்?

பெரிய கோயிலின் உள் வளாகம் சுமார் 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. அவ்வளவு இடம் இருக்கிறது, பின்னால் போகலாம். முடிந்தவரை விலகிப்போய், போனை நிமிர்த்திப் பிடித்து, 1 அல்லது 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். கோடுகள் நேராக நிற்கும். 2 அல்லது 3 மடங்குக்குத் தனி லென்ஸ் இருக்கும் போன்களில் அதுவரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் இழுத்தால் பெரும்பாலான போன்களில் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கும், கல்லின் நயம் போய்விடும்.

சுற்றிலும் ஓடும் திருச்சுற்று மாளிகைக்குள் நின்று பாருங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவில் விமானம் சட்டம் போட்டதுபோல் அமையும். தூண்கள் நிழலில் இருப்பதால் கண் தானாகவே வெளிச்சத்தில் இருக்கும் விமானத்துக்குப் போகும். அப்புறம், படத்தில் எங்காவது ஒரு மனிதர் இருக்கட்டும். விமானத்தின் அடியில் நடந்துபோகும் ஒருவர் இருந்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவருக்குப் புரியும். ஆளே இல்லாத படத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மஞ்சள் புடவையோ வெள்ளை வேட்டியோ ஒன்று கடக்கும்வரை காத்திருப்பது அதைவிட நல்லது.

5. கிட்டப் போங்கள், குனியுங்கள்

தாராசுரத்தில் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இந்தக் கோயிலின் அழகு நுணுக்கத்தில் இருக்கிறது. பலர் முழுக் கோயிலையும் ஒரு படத்தில் அடைக்கப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இது மனசு கேட்பதில்லை. ஒரு சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்கள் தூணிலும் அடித்தளத்திலும் கணக்கில்லாமல் இருக்கின்றன. நடனம் ஆடுகிறவர்கள், மல்லர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள் என்று ஒரு காலத்து வாழ்க்கையே அங்கே இருக்கிறது.

முன் மண்டபம் தேர் வடிவில் இருக்கும். கல் சக்கரமும் அதை இழுக்கும் குதிரையும் இருக்கும் பக்கத்தில் உட்காருங்கள். ஆமாம், தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் சக்கரம் கீழே அழுந்திப்போய்த் தெரியும். குதிரையின் கண் மட்டத்துக்குப் போனை இறக்கினால் தேர் நகர்வதுபோல் வரும்.

சின்னச் சிற்பங்களை எடுக்கும்போது போன் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சிற்பத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் போகும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இங்கே இருக்கிறது. நேராக ஒரு படம் எடுங்கள். பிறகு கூட வந்தவரை ஒரு பக்க உடலைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லி ஒன்று, மறுபக்கத்தை மறைத்து ஒன்று. மூன்று படத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்தச் சிற்பியின் கெட்டிக்காரத்தனம் ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும். கையைக் கல்லின் மேல் வைக்காமல் லென்ஸுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே மறைந்துவிடும், சிற்பத்தைத் தொட வேண்டியதில்லை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கும் இந்தப் பொறுமை வேண்டும். பாறை கிழக்கு பார்த்தது. விடிந்த உடனே வெயில் நேர் முன்னாலிருந்து விழுவதால் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். வெயில் ஏறி மேலிருந்து சரிவாக விழத் தொடங்கும்போது யானையின் வயிற்றுக்குக் கீழே, ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகளுக்கு இடையே நிழல் விழும். புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் கொடுப்பது அந்த நிழல்தான். முழுப் பாறையை ஒரு படம் எடுத்துவிட்டு, கீழே யானைகளுக்குப் பக்கத்தில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைத் தேடுங்கள். காலடியில் எலிகளும் இருக்கும். 2 மடங்கு லென்ஸில் பூனையை மட்டும் எடுங்கள்.

எந்த இடமானாலும் தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, மிகக் கிட்டத்தில் ஒன்று என்று எடுக்கப் பழகினால் ஆல்பம் தானாகவே கதை சொல்லும்.

6. நண்பகலில் என்ன செய்வது?

பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை திறந்த வெளியில் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். செருப்பில்லாமல் கருங்கல் தரையில் நிற்கவே முடியாது. மேலே இருந்து விழும் வெயிலில் ஆட்களின் கண்குழிகள் கருத்துப்போகும். பல கோயில்களில் நடையும் சாத்திவிடுவார்கள்.

சாப்பிட்டுவிட்டுத் தூண் மண்டபங்களுக்குள் போங்கள், அல்லது கடைத்தெருவுக்குப் போங்கள். கும்பகோணம் பாத்திரக் கடைகளில் வாசலோரம் விழும் வெளிச்சத்தில் பித்தளை மின்னும். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளில் அனுமதி கேட்டால் சிலர் உள்ளே விடுவார்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். வேலை செய்யும் கைகளைக் கிட்டத்தில் எடுங்கள். பிளாஷ் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சமே போதும்.

குடும்பப் படத்தையும் இந்த நேரத்தில் நிழலில் எடுத்துவிடலாம். எல்லோரையும் கோயில் சுவரோடு ஒட்டி நிற்க வைக்காதீர்கள். அவர்கள் கேமராவுக்குக் கிட்டேயும் கோயில் தூரத்திலும் இருந்தால் முகமும் தெரியும், கோபுரமும் முழுசாக வரும். தாத்தா பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து, குழந்தைகளை அவர்கள் பக்கத்தில் விட்டுவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தொடர்ந்து எடுங்கள். "இங்கே பாருங்க" என்று சொல்வதற்கு முன்னால் எடுத்த படம்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

7. மழை வந்தால் ஒதுங்காதீர்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். மழை விட்டதும் பெரிய கோயில் தரையில் தண்ணீர் தேங்கி விமானம் தலைகீழாகத் தெரியும். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீருக்கு ஓரிரு அங்குல உயரத்தில் இருக்கும்படி இறக்குங்கள். ஒரு சின்னத் தேக்கமே தெப்பக்குளம்போல் விரியும்.

பொழுது சாய்ந்தபின் இருபது நிமிடம்வரை வானம் கருநீலமாக இருக்கும், அதற்குள் கோயில் விளக்குகளும் எரியத் தொடங்கிவிடும். இரவுப் படங்களுக்கு அதுதான் நேரம். முழு இருட்டானபின் வானம் வெறும் கறுப்பு. இரவு மோடில் போன் சில நொடிகள் ஒளியைச் சேர்க்கும், ஆகவே முழங்கையை மதில்மேல் ஊன்றி, மூன்று நொடி டைமர் வைத்து எடுங்கள்.

8. எங்கே எடுக்கக் கூடாது

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அதற்கு முன்பிருந்தே தடை இருக்கிறது, போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எந்தக் கோயிலானாலும் வாசல் பலகையைப் படியுங்கள், காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கருவறையை எங்கும் எடுக்க வேண்டாம். தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் கேமரா முக்காலிக்கும் ட்ரோனுக்கும் முன்அனுமதி வேண்டும்.

மனிதர்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். "அக்கா, பூ கட்டறதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். எடுத்ததைக் காட்டுங்கள், அவர்களிடம் போன் இருந்தால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். காவிரிப் படித்துறையில் குளிக்கிறவர்களையும் திதி கொடுக்கிறவர்களையும் எடுக்கவே கூடாது. அது அவர்களுடைய நேரம்.

9. அன்றன்று இரவே தேர்ந்தெடுங்கள்

தங்கும் இடத்துக்கு வந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே காட்சியில் பல படம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழியுங்கள். ஊருக்குத் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, யாரும் பார்க்காமலே கிடக்கும்.

திருத்தும்போது முதலில் சாய்வைச் சரி செய்யுங்கள், பிறகு நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள், வானம் கொஞ்சம் வெளுத்திருந்தால் பளிச்சிடும் பகுதியைக் குறையுங்கள். நிறத்தை அதிகம் ஏற்றாதீர்கள். சோழர் கோயில் கல்லுக்குச் சாம்பலும் செம்மையும் கலந்த ஒரு நிறம் உண்டு. அது ஆரஞ்சாக மாறினால் படம் பொய்யாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். பெரிதாக அச்சிட நினைக்கும் படங்களை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வைஃபை கிடைக்கும் இரவுகளில் கிளவுடில் ஏற்றிவிடுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைய நல்ல படங்களை மட்டுமாவது கூட வந்தவரின் போனுக்கு மாற்றி வையுங்கள், போன் தண்ணீரில் விழுந்தாலும் படங்கள் தப்பிக்கும்.